பிளம்ஸ் மரத்தடி இளஞ்சிவப்பு

எனக்குக் கோபம் வந்தால் கேள்வி கேட்கிற பழக்கம் கிடையாது. முதலில் தீர்ப்பு, அப்புறம்தான் விசாரணை. இந்தக் குணத்தால் ஒரு புருஷனையும் இரண்டு வேலையாட்களையும் இழந்திருக்கிறேன். அதற்காகப் பெரிதாக வருத்தப்பட்டதில்லை. என் சிநேகிதி குயென் விஷயத்தில் மட்டும் அப்படிச் சொல்ல முடியவில்லை.

வியட்நாம் மலையூரான தலாத்தில் தோட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். மூன்று வருஷத்துக்கு முன்னால் கியெம் என்ற சைகோன்காரர் ஒரு பழைய பிரெஞ்சு பங்களாவை வாங்கி விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தார். வயதில் என்னைவிடச் சின்னவர், எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. பங்களாவுக்குப் பின்னால் முப்பது தப்படி நிலம் இருந்தது. அது ஒரு மதிலில் போய் முட்டி நின்றது. மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரனின் பிளாஸ்டிக் பூக்கூடாரங்கள்.

"அக்கா, மாடியில நின்னு பாக்குறவன் தோட்டம்னு சொல்லணும். கொல்லைப்புறம்னு சொல்லிடக் கூடாது" என்றார்.

"மதில் எங்க இருக்குன்னே உங்களுக்கு மறந்து போகும், பாருங்க" என்றேன்.

வெறும் வாய்ச்சவடால் இல்லை. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் எல்லாம் சூடான நிறங்கள். எங்கே நட்டாலும் கண்ணை நோக்கி ஓடி வரும். நீலமும் ஊதாவும் குளிர்ந்தவை, தள்ளிப் போய் நிற்கும். அதனால் வீட்டுப் படியோரம் ஆரஞ்சு ஜெர்பெராவும் செவ்வந்தியும் சிவப்பு சால்வியாவும் வைத்தேன். அதிலிருந்து மஞ்சள் மெல்ல மெல்ல வெளிறி நடுவில் வெள்ளையாகும். கடைசியில், மதிலோரம் வெள்ளையடித்து நிற்கும் ஐந்து பிளம்ஸ் மரங்களின் கீழே, முழுக்க நீலம். மூடுபனி இறங்கும் நேரத்தில் அந்த நீலம் பனியோடு சேர்ந்துவிட்டால் தோட்டம் எங்கே முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரே ஒரு தப்பான சிவப்பு அங்கே முளைத்தால் போதும், மதிலைக் கையைப் பிடித்து இழுத்து வந்து மூக்குக்கு நேரே நிறுத்திவிடும்.

அந்த நீலத்துக்கு நான் நம்பியது ஹைட்ரேஞ்சியாவை. ஹைட்ரேஞ்சியா என்றால் எனக்குக் குயென்தான்.

குயெனுக்கும் எனக்கும் பத்தொன்பது வருஷச் சிநேகம். என் புருஷன் சாமான்களைக் கட்டிக்கொண்டு சைகோனுக்குப் போன வருஷம், நான் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அவளுடைய பூக்கூடாரத்துத் தகரக் கொட்டகையில் எட்டு மாதம் படுத்திருந்தேன். ஒரு நாள்கூட "எப்போ போவே" என்று அவள் கேட்டதில்லை. பந்து பந்தாகப் பூக்கும் அவளுடைய நீல ஹைட்ரேஞ்சியா கூட்டுறவுச் சங்கத்து லாரியில் வாரம் இரண்டு தடவை சைகோனுக்குப் போகும். பெட்டியின்மேல் அவள் பேரைப் பார்த்தால் வியாபாரிகள் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

தெத் புத்தாண்டு கழிந்து ஒரு மாதத்தில் அவளிடமிருந்து நூற்று அறுபது தொட்டி வாங்கி, பிளம்ஸ் மரத்தடியில் புதிதாகப் பாத்தி கட்டி நட்டேன். அப்போது வெறும் இலைதான். ஜூன் மாதம் மழை பிடித்ததும் மொட்டு விட்டது. முதல் மொட்டு விரிந்தது இளஞ்சிவப்பாக.

ஒன்றுதானே என்று விட்டேன். நாலு நாளில் பார்த்தால், நீலத்துக்கு நடுவே இங்கே பத்து, அங்கே பத்து என்று இளஞ்சிவப்பு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. மதில் ஓடி வந்து மூக்குக்கு முன்னால் நின்றுவிட்டது.

என்கூட வேலை செய்யும் பாவோ அண்ணன் லாரியும் ஓட்டுவார், மண்வெட்டியும் பிடிப்பார். அறுபதை நெருங்கியும் வாய் மட்டும் ஓயாது. அவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, இந்தப் பாத்தியில ஏதாவது போட்டீங்களா? சாம்பல், சுண்ணாம்பு, எதாவது?"

"பாத்தியிலயா? நீ சொன்ன சாணியைத் தவிர நான் ஒண்ணும் போடல தங்கச்சி. என் வெத்தலைக்குத் தடவுற சுண்ணாம்பைக்கூட வீட்டுலயே வெச்சுட்டுத்தான் வரேன், போதுமா?"

எங்கள் செம்மண்ணில் புளிப்பு ஜாஸ்தி. இங்கே ஹைட்ரேஞ்சியாவை எந்த மூலையில் நட்டாலும் நீலமாகத்தான் பூக்கும். சுண்ணாம்பு பட்டால் மட்டும் இளஞ்சிவப்பாகும். சுண்ணாம்பு படவில்லை என்றால் ஒரே அர்த்தம்தான்: குயென் என் தலையில் வேறு வகைச் செடியைக் கட்டிவிட்டாள். சைகோன் வியாபாரிகளுக்கு அசல், பழைய சிநேகிதிக்குக் கழிவு.

அன்றைக்கே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவள் கொட்டகைக்குப் போனேன். ஆறு பெண்கள் தரையில் உட்கார்ந்து பூக்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே ஆரம்பித்தேன்.

"எத்தனை வருஷமாடி இந்தப் பொழப்பு? நீலம்னு சொல்லி ரோஸைத் தள்ளிவிடுறது?"

குயென் நிமிர்ந்து பார்த்தாள். மழைச்சட்டைகூடக் கழற்றாமல் நிற்கிறேன். "முதல்ல உக்காரு. சோயாப் பால் சூடா இருக்கு. என்னன்னு சொல்லு."

"பாலும் வேணாம், பருப்பும் வேணாம். நூத்தி அறுபதுல பாதி ரோஸ் பூத்திருக்கு."

"என் தாய்ச்செடி ஒண்ணுதான்டி ஹுவே. அதுல பாதி எப்படி மாறும்? சுண்ணாம்பு பட்டிருக்கும். நல்லா யோசிச்சுப் பாரு."

"ஒரு சிட்டிகைகூடப் படல."

"பக்கத்துல சுவர் பூசினாங்களா? சிமெண்ட் கொட்டினாங்களா? நான் வேணா வந்து பாக்குறேன்."

"வந்து பாத்து என்ன மந்திரம் போடப் போறே? நான் பொய் சொல்றேன்கிறியா?"

கொட்டகை வாசலில், தரையோடு தரையாக, மண்சாமியின் சின்னச் சிவப்புக் கூண்டு இருக்கும். தொப்பையைத் தடவிக்கொண்டு எந்நேரமும் சிரிக்கிற சாமி. நிலத்துக்கும் வியாபாரத்துக்கும் அவர்தான் பொறுப்பு. நான் குனிந்து அவர் முன்னால் மூன்று ஊதுபத்தி கொளுத்தினேன். "இந்த மண்சாமி மேல சத்தியம். அந்த நிலத்துல என் கையால ஒரு துளி சுண்ணாம்பு விழல, நான் யாரையும் போடச் சொல்லவும் இல்ல" என்றேன். ஆறு பெண்களும் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

குயெனின் முகம் சுருங்கிவிட்டது. "சத்தியமே பண்ணிட்டீங்க. அப்புறம் நான் பேச என்ன இருக்கு" என்றாள். பத்தொன்பது வருஷத்தில் என்னை அவள் 'நீங்க' என்றது அன்றுதான்.

மறுநாள் கியெம் சங்கத்துக்குப் புகார்க் கடிதம் எழுதினார். கீழே சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். எங்கள் சங்கத்தில் ஒரு சட்டம் உண்டு. வகையை மாற்றி விற்றது நிரூபணம் ஆனால் உறுப்பினர் பட்டியலில் பேரை அடித்துவிடுவார்கள். பேர் போனால் சங்கத்து லாரி போச்சு. லாரி இல்லாமல் பறித்த பூவை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? இரண்டே நாளில் வாடிவிடும். அவளும் அந்த ஆறு பெண்களும் அதை வைத்துத்தான் சாப்பிடுகிறார்கள். எல்லாம் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். தப்புச் செய்தவள் அனுபவிக்கட்டும் என்று இருந்தது.

வியாழக்கிழமை மூன்று மணிக்குச் சங்கத்தில் விசாரணை. ஞாயிற்றுக்கிழமை விடுதித் திறப்பு.

வியாழன் மத்தியானம் ஒரு மணி இருக்கும். கியெம் மாடியிலிருந்து கூப்பிட்டார். அதுவரை மாடிப்படியில் தச்சர்களின் சாரம் கட்டியிருந்ததால் நாங்கள் யாரும் மேலே போனதில்லை. அன்று காலையில்தான் பிரித்திருந்தார்கள்.

"அக்கா, மேல வாங்க. இங்கேருந்து ஒரு போட்டோ எடுத்துக்கலாம். சங்கத்துல காட்டினா யாரும் வாயைத் திறக்க முடியாது."

மாடி வராந்தாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

கீழே நின்று பார்த்தபோது கலங்கிக் கிடந்த இளஞ்சிவப்பு, மேலிருந்து பார்த்தால் கலங்கியே இல்லை. ஐந்து வளையங்கள். ஒவ்வொரு பிளம்ஸ் மரத்தையும் சுற்றி ஒரு வளையம், கையை நீட்டினால் எட்டுகிற அகலத்துக்கு. ஐந்தாவது மரத்திலிருந்து மட்டும் ஒரு வால் கிளம்பி, சரிவில் இறங்கி, தண்ணீர்க் குழாய் வரைக்கும் போயிருந்தது. வளையத்துக்கு வெளியே இருந்ததெல்லாம் நீலம். குயென் கொடுத்த, அப்பழுக்கில்லாத நீலம்.

வளையத்தின் நடுவே மரங்கள் இடுப்பளவு வெள்ளையோடு நின்றன.

தெத் புத்தாண்டுக்குப் பத்து நாள் முன்னால் ஊரில் எல்லா மரத்துக்கும் சுண்ணாம்பு அடிப்போம். வீதி மரம், கோயில் மரம், வீட்டு மரம், எல்லாவற்றுக்கும். அது வீடு பெருக்குவது மாதிரி, செய்தோமா என்று யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை. அப்போது இந்த இடத்தில் பாத்தியே கிடையாது, வெறும் புல். பாவோ அண்ணன் ஐந்து மரத்துக்கும் அடித்துவிட்டு, வாளியில் பாதி மிச்சம் இருக்கிறது, என்ன செய்ய என்று கேட்டார். நான் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே சொன்னேன்: "வேர்ல ஊத்திடுங்கண்ணே, எறும்பு வராது." நாலு மரத்தைச் சுற்றியும் ஊற்றிவிட்டு, ஐந்தாவது மரத்தடியில் வாளியைக் கவிழ்த்து, சொட்டச் சொட்டத் தூக்கிப்போய்க் குழாயடியில் கழுவினார். அந்த வாலின் வளைவுகூட எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

ஐந்து வளையங்களையும் மறுபடி ஒருமுறை எண்ணிப் பார்த்தேன்.

கியெம் போனை நீட்டிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "பாருங்க, சரி பாதி ரோஸ். அந்தம்மா கதை முடிஞ்சுது." அவர் ஊரில் மரத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பதை யாரோ கூலிக்காரர் செய்வார். அவர் கண்ணுக்கு அது வளையமாகப் படவே இல்லை. "அக்கா, எங்கிட்ட போட்டோ இருக்கு. இனிமே அந்த ரோஸ் எதுக்கு? இப்பவே பிடுங்கிடுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள வேற ஏதாவது நீலம் வெச்சுத் தாங்க. சங்கத்துக்காரங்க நேர்ல வந்தாலும் சுத்தமா இருக்கும்."

நான் நல்லவளாக இருந்தால் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பேன். நான் சொல்லவில்லை. "சரி" என்றேன். படியிறங்கும்போது மனம் வேகமாகக் கணக்குப் போட்டது. பிடுங்கிவிட்டால் வளையம் இல்லை. போட்டோவை யார் அவ்வளவு உற்றுப் பார்க்கப் போகிறார்கள்? சத்தியம் செய்த வாய் என்னுடையது, நூறு பேர் முன்னால் போய் அதை எப்படி விழுங்குவது? தலாத்தில் இனி எவன் என்னை நம்பித் தோட்டம் கொடுப்பான்? குயென் எப்படியோ பிழைத்துக்கொள்வாள், கெட்டிக்காரி. இப்படியெல்லாம் நினைத்தேன். இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

"அண்ணே, முதல் மரத்துலேருந்து ஆரம்பிங்க. ரோஸை மட்டும் வேரோட எடுங்க. சீக்கிரம்" என்றேன்.

"மூணு மணிக்குச் சங்கத்துல உன்னை எதிர்பாப்பாங்களே?"

"தோண்டுங்கன்னா தோண்டுங்க!"

அண்ணன் வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு மண்வெட்டியை இறக்கினார். மழை தூற ஆரம்பித்தது. முதல் மரத்தின் வளையம் அரை மணியில் காலியானது, பதினோரு செடிகள். நான் அவற்றைக் கோணியில் அள்ளித் திணித்தேன். இரண்டாவது மரத்தடியில் மண்வெட்டி இறங்கியபோது ஏதோ கரகரத்தது. அண்ணன் குனிந்து ஒரு கட்டியை எடுத்தார். செம்மண்ணுக்குள்ளிருந்து வெள்ளையாக, கோழிமுட்டை அளவுக்கு. விரலால் நசுக்கினார், மூக்கருகே கொண்டுபோனார். பிறகு மரத்தைப் பார்த்தார். பிறகு அடுத்த மரத்தை.

"ஐயோ" என்றார். "ஐயய்யோ, தங்கச்சி."

நான் கோணியின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

"இது நான் ஊத்தினதும்மா. தெத்துக்கு முன்னாடி. மிச்சச் சுண்ணாம்பு. நீ பாத்தியில போட்டியான்னுதானே கேட்டே, அப்போ பாத்தி இல்லையே, எனக்கு ஞாபகமே வரலயே!" அந்த மனுஷன் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பாவி நான் பண்ணின வேலைக்கு அந்தப் பொண்ணு பேரு போகுதே. மணி என்ன? ரெண்டே கால். விடு, நான் போறேன். என்னாலதான்னு சங்கத்துல சொல்லிடுறேன். கெழட்டுப் பய, புத்தி கெட்டு ஊத்திட்டேன்னு சொல்றேன். உன் பேரு வராது தங்கச்சி, உனக்கு ஒண்ணும் ஆகாது."

கோணிக் கயிறு என் கையில் இருந்தது. முடிச்சு விழவில்லை. ஒருத்தி என் தப்பைச் சுமந்துகொண்டு சங்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இன்னொருவர் அதைத் தானே சுமக்கிறேன் என்று சேற்றிலிருந்து எழுந்துகொண்டிருக்கிறார். நான் மட்டும் செடி பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது.

"ஊத்தச் சொன்னது நான்" என்றேன்.

"நீ எங்கே..."

"நான்தான். போன் பேசிக்கிட்டே சொன்னேன். ஒரு மணி நேரமா எனக்குத் தெரியும். மாடியிலேருந்தே பாத்துட்டேன்."

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். திட்டவில்லை. "அப்போ என்னை ஏன் தோண்டச் சொன்னே?" என்று மட்டும் கேட்டார்.

கியெம் குடையோடு வெளியே வந்தார். "ஏன் நிறுத்திட்டீங்க?"

சொன்னேன், முழுக்க. மனுஷன் மரங்களைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அக்கா, இது நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். புகார் என் பேர்ல போயிருக்கு. ஞாயித்துக்கிழமை திறப்பு விழா. நானே பொய்ப் புகார் குடுத்தேன்னு ஊர் பேசணுமா? மீதியையும் பிடுங்கிட்டு மண்ணைப் போட்டு மூடுங்க. முடிஞ்சுது."

"முடியாதுங்க."

"யோசிச்சுப் பேசுங்க. ஏரிக்கரையில வாங்கியிருக்கிற ரெண்டாவது இடத்துத் தோட்டமும் உங்களுக்குத்தான்னு வெச்சிருந்தேன்."

"வேற ஆளுக்கு வெச்சுக்குங்க" என்றேன். வீரமெல்லாம் இல்லை. "அண்ணே, லாரியை எடுங்க. மீதி நாலு வளையத்தையும் யாரும் தொடக் கூடாது."

மணி இரண்டு ஐம்பது. சங்கம் ஊரின் அடுத்த கோடியில். மழை பிடித்துக்கொண்டது. ஏரியைச் சுற்றும் சாலையில் குதிரை வண்டிகளும் சுற்றுலாப் பேருந்துகளும் நகராமல் கிடந்தன. அண்ணன் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. மூன்று பத்து, மூன்று இருபது. விசாரணை என்றால் எங்கள் தலைவர் இழுத்தடிக்கிற ஆள் இல்லை, அவருக்கு ஐந்து மணிக்குச் சதுரங்கம் இருக்கிறது. கடைசித் திருப்பத்தில் நான் லாரியிலிருந்து குதித்து ஓடினேன்.

கூடத்தில் எழுபது எண்பது பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, எங்கள் மலையில் விளையும் கூனைப்பூவைப் போட்ட தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். குயென் முன்வரிசையில் இருந்தாள். மடியில் ஒரு தொட்டி, அதில் ஒரே ஒரு பெரிய நீலப் பூ. அதே தாய்ச்செடியின் கன்று என்று காட்டக் கொண்டுவந்திருக்கிறாள். அதை யாரும் சட்டை செய்த மாதிரி தெரியவில்லை. தலைவர் மேசையில் என் கையெழுத்து இருந்த கடிதம். "பேரை அடிக்கலாம்கிறவங்க கையைத் தூக்குங்க" என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார்.

கைகள் உயர்ந்துகொண்டிருந்தன. அவள் அவற்றைத் திரும்பிப் பார்க்காமல் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையை இறக்குங்க!" என்று கத்தினேன். முழங்கால் வரைக்கும் சேறு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. "எல்லாரும் கையை இறக்குங்க. புகார் பொய்."

தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இதுல சாட்சிக் கையெழுத்து உன்னுதுதானே ஹுவே?"

"என்னுதுதான். அதுதான் பொய்ங்கிறேன்." அண்ணன் தோண்டியெடுத்த சுண்ணாம்புக் கட்டியைக் கையோடு கொண்டுவந்திருந்தேன், அதை அவர் மேசையில் வைத்தேன். மழையில் அது பாதி கரைந்து விரலெல்லாம் வெள்ளை. தெத்துக்கு மரத்துக்கு அடித்ததையும், மிச்சத்தை ஊற்றியதையும், ஐந்து வளையங்களையும் சொன்னேன். ஒரு வளையத்தைப் பிடுங்கி மறைக்கப் பார்த்ததையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். விட்டிருந்தால் மறுபடி ஒரு பொய்ச் சத்தியம் செய்த மாதிரி ஆகியிருக்கும்.

குயென் எழுந்தாள். தொட்டியை நாற்காலியில் வைத்தாள்.

"ஊத்தச் சொன்னது யாரு?"

"நான்."

"நான் வந்து பாக்குறேன்னு சொன்னப்போ வேணாம்னது யாரு?"

"நான்."

"என் கொட்டகையில, என் ஆளுங்க முன்னாடி, என் சாமி மேல சத்தியம் பண்ணது யாரு?"

"நான்தான் குயென்."

"சரி. எல்லாரும் கேட்டுக்கிட்டீங்க இல்ல" என்று கூடத்தைப் பார்த்துச் சொன்னாள். தொட்டியை எடுத்துக்கொண்டு, என்னைத் தாண்டி, மழைக்குள் நடந்து போனாள்.

தலைவர் கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு "அடுத்தது, உர மூட்டை விவகாரம்" என்றார். பின்வரிசையில் ஒருவன், "இனிமே தெத்துக்கு மரத்துக்கு வெள்ளையடிக்கிறதா இருந்தா ஹுவே அக்காகிட்ட பர்மிஷன் வாங்கிக்குங்கப்பா" என்றான். கூடமே சிரித்தது. நான் நின்று வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் குயென் பங்களாவுக்கு வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கியெமுக்கு மட்டும் தலையசைத்துவிட்டு, நேரே மாடிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். வராந்தாவில் கைப்பிடியில் சாய்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு வட்டத்தில் வெறும் செம்மண். நாலில் இளஞ்சிவப்பு.

"அந்த வாலு என்ன?"

"கழுவ எடுத்துப் போறப்போ வாளி சிந்தினது."

மூக்கு வழியாக ஒரு சத்தம் விட்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

கியெம் நெளிந்துகொண்டு பக்கத்தில் வந்து நின்றார். "அம்மா, நடந்தது நடந்துபோச்சு. நாளன்னிக்குத் திறப்பு. நீலம் உங்ககிட்டதான் இருக்குங்கிறாங்க. இந்த ரோஸை எல்லாம் எடுத்துட்டு..."

"வெறும் மண்ணா கிடக்குற இடத்துக்கு நான் நீலம் தரேன்" என்றாள் குயென். "மத்த நாலையும் பிடுங்கினா ஒரு இலைகூட என் கூடாரத்துலேருந்து வராது."

மன்னித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மாடியில நின்னு பாக்குறவங்க எல்லாம் கேப்பாங்க, மரத்தைச் சுத்தி மட்டும் ஏன் ரோஸ்னு. கேக்குற ஒவ்வொருத்தருக்கும் நீங்க சொல்லணும். குயென் குடுத்தது நீலம், நான்தான் கெடுத்தேன்னு. உங்க வாயாலயே சொல்லணும். மண்ணு தானா மாறுற வரைக்கும்."

"சொல்றேன்" என்றேன்.

ஏரிக்கரைத் தோட்டம் வேறு ஆளுக்குப் போனது. இந்தத் தோட்டத்தைப் பராமரிக்கிற வேலையை மட்டும் கியெம் என்னிடம் விட்டுவைத்தார். கேட்பவர்களுக்கு வேறு யார் பதில் சொல்வது? வாரத்தில் மூன்று நாள் போகிறேன். சனிக்கிழமைகளில் தேனிலவு ஜோடிகள் மாடியிலிருந்து கையை நீட்டிக் கேட்பார்கள். சூடான நிறம் கண்ணுக்கு ஓடி வரும் என்று சொன்னேனே, அத்தனை நீலத்தை விட்டுவிட்டு அதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். சிலர் அழகாக இருக்கிறது, வேண்டுமென்றே செய்ததா என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். நான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு முதலிலிருந்து சொல்வேன். ஆரம்பத்தில் பாதியிலேயே நிறுத்திவிடுவேன். இப்போது பாவோ அண்ணன் நான் விட்ட இடத்தை எடுத்துக் கொடுக்கிறார்.

எங்கள் ஊர் மழை மண்ணைச் சும்மா விடாது. இரண்டாவது மழைக்காலத்தில் இரண்டாவது மரத்தின் வளையம் ஊதாவாகி, அப்புறம் நீலத்தில் கரைந்தது. போன நவம்பரில் அடுத்த இரண்டும். ஒவ்வொரு பூப்புக்கும் குயென் வந்து மாடியில் ஐந்து நிமிஷம் நிற்பாள், கீழே இறங்குவாள், போய்விடுவாள். தேநீர் நீட்டினால் கையை ஆட்டி மறுத்துவிடுவாள்.

நேற்றும் வந்தாள். நான் குழாயடியில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது மரத்தடி மட்டும் இன்னும் மாறவில்லை, வாளி கவிழ்ந்த இடம். அவள் அதையும் பார்த்தாள், வாலையும் பார்த்தாள், படியிறங்கி வந்து என் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தாள். என் பிளாஸ்கை அவளே திறந்து மூடியில் ஊற்றிக்கொண்டாள்.

"இன்னும் ஒண்ணு இருக்குடி" என்றாள்.

"ஆமா. அதுக்கு ரெண்டு மழையாவது வேணும்" என்றேன்.

"இருக்கட்டும், அவசரம் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுத் தேநீரை ஊதிக் குடித்தாள்.